இறங்கியும் நிற்காத வாந்தி

மலை பஸ் கள்ளக்குறிச்சி ஸ்டாண்டுக்குள் திரும்பினாலே பக்கத்தில் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஜன்னல்களுக்குக் கீழே தகரம் முழுக்கக் கோடு கோடாக வழிந்து காய்ந்திருக்கும். வெள்ளிமலையிலிருந்து அத்தனை வளைவும் இறங்கி வருகிற வண்டி, வேறு எப்படி இருக்கும்?

பஸ் கழுவுகிற அக்கா மட்டும் நேராகக் கிட்டே போகும். ஒரு கையில் வாளி, ஒரு கையில் கட்டைத் துடைப்பம். உடனே தண்ணீர் ஊற்றாது. முதல் ஜன்னலிலிருந்து கடைசி ஜன்னல் வரை நடந்து ஒவ்வொரு கோட்டையும் பார்க்கும். சில இடத்தில் குனிந்து பார்க்கும். பிறகுதான் ஊற்றும்.

பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. ஸ்டாண்டில் எல்லோரும் முகத்துக்கு நேராகவே வாந்தி அக்கா என்பார்கள். அதற்கு அக்கா கோபப்படாது. மற்ற எல்லாவற்றுக்கும் கோபப்படும்.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் எலுமிச்சை ஜூஸ் கடையில் எனக்கு வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தவள் நான். வந்த முதல் வாரம் அக்கா செய்வதைப் பார்த்து எனக்கே குமட்டியது.

"இன்னாக்கா, அதப் போயி உத்து உத்துப் பாக்குற?"

"பாக்காம கழுவுனா யாருக்கு இன்னான்னு எப்டித் தெரியும்? நாலாவது ஜன்னல்ல ஒக்காந்து வந்தது யாரு?"

"எனக்கு எப்டிக்கா தெரியும்?"

"எறங்குனவங்க உங்கடைக்குத்தான வர்றாங்க? கண்ண எங்க வெச்சிருந்த?"

வாளியை அப்படியே வைத்துவிட்டு ஸ்டாண்டு முழுக்கத் தேடியது. கடைசியில் டீக்கடை பெஞ்சில் ஒரு தாத்தாவைப் பிடித்தது.

"தாத்தா, காப்பித் தூளு மாதிரி எடுத்திருக்கியே, காலைல காப்பி குடிச்சியா?"

"இல்லியேம்மா. டீயே இப்பத்தான் சொல்லிக்கீறேன்."

"அப்ப அது காப்பி இல்ல. வவுத்துல ரத்தம். முட்டி வலிக்கு மாத்திர முழுங்குறியா?"

"தெனைக்கும் ரெண்டு. மருந்துக் கடைல கேட்டு வாங்கிக்கிறது."

"வெறும் வவுத்துல?"

தாத்தா டீயை வாங்கக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்தே இழுத்துக்கொண்டு போய் ஷேர் ஆட்டோவில் ஏற்றியது. பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தாராம். ஊருக்குப் போனவர் அடுத்த மாசம் ஒரு மூட்டை சாமை அரிசியைத் தோளில் சுமந்துகொண்டு அக்காவைத் தேடி வந்தார். அக்கா வாங்கிக்கொண்டு, "முட்டி வலின்னு சொல்லிட்டு மூட்ட தூக்கிக்கினு வரியா? அறிவு கீதா உனக்கு?" என்று அதற்கும் திட்டியது.

முன்னால் ஏதோ ஆஸ்பத்திரி வார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்ததாம். "வாந்தி எடுக்குற பேசினத் தூக்குறதுதான் வேல. நர்ஸம்மா பாக்காம ஒரு பேசினையும் ஊத்தக் கூடாது. மஞ்சளா, பச்சையா, ரத்தமா, எத்தினி வாட்டின்னு நான்தான் சொல்லணும். சொல்லிச் சொல்லி வாய் பழகிப் போச்சி" என்று ஒரு தடவை சொன்னது. வார்டை ஏன் விட்டது என்று சொல்லவில்லை. யாரையாவது திட்டியிருக்கும்.

அதன் கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். எத்தனை தடவை? என்ன நிறம்? ஒன்றுக்குப் போனாயா? இந்த மூன்றையும் நடு ஸ்டாண்டில், யார் இருந்தாலும், கத்திக் கேட்கும். கேட்கப்பட்டவர்கள் கூச்சத்தில் நெளிவார்கள். பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையன், காயம் ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே நின்றவன், ஓரமாகப் போய் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். அவன் நண்பர்கள் சோடா வாங்க எங்கள் கடைக்கு ஓடி வந்தார்கள். அக்கா சோடா பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டு, "தலைல அடிபட்டவன் வாந்தி எடுத்தா சோடாவா குடுப்பீங்க? ஸ்கேன் எடுக்கத் தூக்கினு போங்கடா" என்று அடிக்காத குறையாக விரட்டியது. அவன் பிழைத்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அக்காவிடம் யாரும் வந்து சொல்லவில்லை. அதுவே ஆட்டோக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

கண்டக்டரோடு தினமும் சண்டை. மலைக்குத் திரும்புகிறவர்கள் ஏறினால் அந்தக் கண்டக்டர், "பின்னாடி போ, பின்னாடி போ. வாந்தி எடுத்துத் தொலைப்பீங்க" என்று விரட்டுவார். எங்கள் ஆட்களும் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் போயிருக்கிறேன்.

"பின்னாடிதான்யா தூக்கித் தூக்கிப் போடும். அங்க ஒக்கார வெச்சா வராத வாந்தியும் வரும். வாந்தி வர்றவங்கள மின்னாடி ஒக்கார வெய்யி. தூரமா ரோட்டப் பாக்கச் சொல்லு, செல்லப் பாக்காதன்னு சொல்லு. வண்டி எடுக்க அர மணி நேரம் மின்ன மாத்திர போடச் சொல்லு."

"ஏன், நீயே வந்து ஸ்டேரிங்கப் புடியேன்."

"குடு. வளைவுல பிரேக்கு எங்க கீதுன்னு உன் டிரைவருக்குக் காட்டுறேன்."

கண்டக்டர் சிரிப்பார், டிரைவர் சிரிப்பார், பஸ் முழுக்கச் சிரிப்பார்கள். பின் சீட்டில் இருந்தவர்கள் பின் சீட்டிலேயே போவார்கள். அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. சொன்னவள் கையில் துடைப்பம் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு தடவை எனக்கே வந்தது. முந்தின நாள் சால்னாவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு விடிந்ததிலிருந்து வாந்தி. கடைக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தேன். முதலாளி எட்டிப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்.

"இன்னா, ஏதாவது விசேஷமா?"

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. முகம் எரிந்தது. அக்கா வாளியோடு வந்து நின்றது.

"போன வாரம் கெட்டுப்போன சட்னியத் துன்னுட்டு நீயும்தான் வாந்தி எடுத்த. உனக்கு இது எத்தினாவது மாசம்?"

முதலாளி உள்ளே போனவர் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. அக்கா உப்பு சர்க்கரைப் பவுடர் பாக்கெட்டைப் பிரித்துச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கியது. நான் டம்ளரோடு வாயில் கவிழ்க்கப் போனேன். கையில் அடித்தது.

"மொத்தமா ஊத்துனா மொத்தமா வெளிய வந்துடும். ஸ்பூன்ல குடி. ஒரு ஸ்பூனு, கொஞ்ச நேரம் சும்மா இரு, மறுபடி ஒரு ஸ்பூனு. பாதிப் பாக்கெட்ட ஒரு டம்ளர்ல போட்டுக் கலக்குற வேலையும் வெச்சிக்காத. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்கு வரலன்னா எங்கிட்ட சொல்லு, ஆஸ்பத்திரி போவணும்."

சாயங்காலத்துக்குள் வந்தது. சொன்னேன். "சந்தோஷம். போயி பழத்தப் பிழி" என்றது.

இதையெல்லாம் எழுதுவது அக்காவைப் புகழ அல்ல. எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான். அந்த மூன்று கேள்வியும் எனக்கு மனப்பாடம். தெரிந்தும்தான் செய்தேன்.

என் தங்கைக்குப் பதினேழு வயது. ஒரு நாள் காலை மலை பஸ்ஸில் அம்மாவோடு வந்து இறங்கினாள். இரண்டு மாசத்துக்கு முன் பார்த்தவளா இவள் என்று இருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும், "அக்கா, தாகமா கீதுக்கா" என்றாள்.

என் தங்கை ஆயிற்றே. சர்க்கரை இரண்டு பங்கு போட்டுப் பெரிய டம்ளரில் ஜூஸ் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கேட்டாள், கொடுத்தேன். மூன்றாவதும் கொடுத்தேன். சாக்கடை ஓரம் போய் அத்தனையும் வாந்தி எடுத்தாள். வந்து உட்கார்ந்து, "இன்னும் தாகமா கீது" என்றாள்.

அம்மா என்னைக் கடைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"ஒரு வாரமா இதே ரோதன. உங்க சித்தப்பன் வாயி சும்மா இல்ல. பொண்ண நல்லா வெச்சிருக்கீங்க, பேரனோ பேத்தியோன்னு கேக்குறான். எம் பொண்ணு அப்டிப்பட்டவ இல்ல. எவனோ மருந்து வெச்சிட்டான்டி. தியாகதுருகம் பக்கம் ஒருத்தரு எடுத்து வுடுறாராம். அங்கதான் போறோம். யாருகிட்டயும் மூச்சு வுடாத. கேட்டா பஸ்ஸு ஒத்துக்கலன்னு சொல்லு."

எங்கள் பக்கம் மருந்து வைப்பது என்றால் பெண்ணை மயக்கச் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுப்பது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். வாந்தி எடுக்க வைத்து அதை வெளியே எடுக்க ஆள் இருக்கிறார்கள். கல்யாணம் ஆகாத பெண் வாந்தி எடுத்தால் ஊருக்கு ஒரே காரணம்தான் தெரியும். அதிலிருந்து மகளைக் காப்பாற்ற அம்மாவுக்குக் கிடைத்தது இன்னொரு காரணம். நோய் என்ற ஒன்று ஊர் கண்ணிலும் படவில்லை, அம்மா கண்ணிலும் படவில்லை.

அதற்குள் அக்கா தங்கையின் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"எறங்கி எவ்ளோ நேரமாச்சி?"

"பஸ்ஸு ஒத்துக்கலம்மா" என்று அம்மா ஓடி வந்தாள்.

"எத்தினி மணி நேரமா ஒத்துக்கல? பஸ்ஸு வாந்தின்னா எறங்கி ஒக்காந்தா கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சிடும். எறங்கியும் நிக்கலன்னா அது பஸ்ஸு வாந்தி இல்ல. பாப்பா, நீ சொல்லு, ஒண்ணுக்குப் போனியா?"

"போய்க்கினேதான்கா கீறேன். நேத்து மட்டும் பத்து வாட்டிக்கு மேல."

அக்கா வாளியைக் கீழே வைத்தது. அதன் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. குனிந்து தங்கையின் வாயை முகர்ந்தது.

"வாந்தி எடுத்துக் காஞ்ச ஒடம்புக்கு ஒண்ணுக்கே கம்மியாத்தான் வரும். இதுக்கு இவ்ளோ போவுது, இவ்ளோ தாகம், இப்டி எளச்சிக் கீது. வாயில பழம் புளிச்ச மாதிரி வாசன. யம்மா, இப்பவே பெரியாஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போங்க. வெரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. சக்கரையா இருந்தாலும் இருக்கும்."

"பதினேழு வயசுப் பொண்ணுக்குச் சக்கரையா? ஒடம்புல ஒரு புடி சத இல்ல. சாமச் சோறு துன்ற வூட்ல சக்கர எங்கருந்து வரும்?" அம்மாவின் குரல் ஏறிவிட்டது. "பஸ்ஸு கழுவுறவ வைத்தியம் சொல்ல வந்துட்டா."

அக்கா அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

"நீ சொல்லுடி. எத்தினி நாளா?"

ஒரு வாரமா என்று சொல்லியிருந்தால் போதும். தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும்.

"பஸ்ஸுதான்கா ஒத்துக்கல. நீ போயி உன் வேலயப் பாரு" என்றேன்.

"என் வேலையே இதாண்டி" என்றது அக்கா. அம்மா தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தியாகதுருகம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். அந்த ஆள் பச்சையாக ஏதோ குடிக்கக் கொடுத்து, வயிற்றை அழுத்தி, தட்டில் வாந்தி எடுக்க வைத்தானாம். அதில் கையை விட்டுக் கறுப்பாக ஒரு உருண்டையை எடுத்து, "பாத்துக்கம்மா, இதான்" என்று காட்டினானாம். சொல்லும்போது அம்மா முகம் தெளிந்திருந்தது. ஒரு வாரமாக வாந்தி எடுத்துக் காய்ந்து கிடந்தவளை மறுபடியும் வாந்தி எடுக்க வைத்திருக்கிறான். விரலிடுக்கில் ஒரு உருண்டையை மறைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு அவள் மூச்சு வாங்குவது தெரியவில்லையா? அவன் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். இன்றைக்கும் தட்டு வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான்.

தங்கை பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஓடி வந்தவள் மாதிரி ஆழமாக, வேகமாக மூச்சு.

"அசதில தூங்குறா. எழுப்பாத" என்றாள் அம்மா.

அக்கா பாதி பஸ் கழுவியிருந்தது. அங்கிருந்தே அந்த மூச்சைப் பார்த்திருக்க வேண்டும். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் தங்கையை இரண்டு கையிலும் அள்ளியது. கிளம்பப் போன ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் நின்று, "எறங்குங்க எல்லாரும்!" என்று கத்தியது. இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். மெஷினில் நம்பரே வரவில்லை. அது அளக்கிற அளவையெல்லாம் தாண்டிவிட்டது என்றார்கள். சர்க்கரைதான். ஒல்லியான பிள்ளைகளுக்கும் வருகிற சர்க்கரை, இன்சுலின் இல்லாமல் ரத்தமே புளித்துப்போய் அதனால்தான் வாந்தி, அந்த மூச்சு, அந்த வாசனை எல்லாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். குளுக்கோஸ் இல்லாத உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள், இன்சுலின் போட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. "ஏம்மா ஒரு வாரம்?" என்று மட்டும் கேட்டார்கள். மறுநாள் மத்தியானம் தங்கை போய்விட்டாள்.

மூன்று டம்ளர். நான் கொடுத்த ஜூஸால்தானா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அதனால மட்டும் இல்லம்மா. நேரம் போயிடுச்சி" என்றார்கள். அந்த 'மட்டும்' என்கிற வார்த்தையை அவர்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அம்மா என்னை நிறுத்தினாள். "சக்கரைன்னு வெளில சொல்லாத. பரம்பர நோயின்னு பேசுவாங்க. உன்ன எவன் கட்டுவான்?" சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். முதல் பொய் தங்கையின் மானத்துக்கு. இரண்டாவது பொய் என் கல்யாணத்துக்கு.

நாங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில் ஊர் சொன்னது. நான் கடைக்குத் திரும்பி வந்த அன்றைக்கே, பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு அந்தக் கண்டக்டர் டைம் கீப்பரிடம் சொன்னார்:

"ஜூஸ் கடப் பொண்ணோட தங்கச்சி, வாந்தி எடுத்தே செத்துச்சாம். கலைக்கறதுக்கு இன்னாத்தையாவது குடிச்சிருக்கும்."

எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது. கையில் பாதிப் பழம். அதைப் பிழிந்தேன்.

அடுத்த நொடி கண்டக்டர் தலையிலிருந்து காக்கிச் சட்டை வரை சொட்டச் சொட்ட நின்றார். பஸ் கழுவின தண்ணீர். ஒரு வாளி முழுக்க.

"அந்தப் பொண்ணுக்குச் சக்கரைடா! தூக்கினு போனவ நான். டாக்டரம்மா சொன்னத எங்காதால கேட்டேன். பொம்பளப் புள்ள வாந்தி எடுத்தா உங்களுக்கெல்லாம் புத்தி அந்த ஒரு எடத்துக்குத்தான் போவுமா? ஆம்பள எடுத்தா அஜீரணம், அவ எடுத்தா அசிங்கமா?" ஸ்டாண்டே கூடிவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பியது. "நீ சொல்லுடி. கூடப் பொறந்தவதான? சொல்லு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து பழத்தைப் பிழிந்தேன். அதில் சாறு எப்போதோ தீர்ந்துவிட்டது. தோலைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அக்கா வாளியைப் பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தது. அதன் மேல் துடைப்பத்தை வைத்தது. சாயங்காலம் பஸ் ஓனர் வந்து வேலையை விட்டு நிறுத்துவதற்கு முன்பே அது போய்விட்டது. போகும்போது என்னைத் திட்டவில்லை. எனக்குத் தெரிந்து அது திட்டாமல் போனது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு பார்க்கவில்லை. வடக்கனந்தல் பக்கம் என்றார்கள். போய் விசாரித்தேன். வாந்தி அக்கா என்றால் அங்கே யாருக்குத் தெரியும்? பெயர் தெரியாதே.

இப்போது மலை பஸ்ஸை ஷெட்டில் விட்டுக் குழாயால் பீய்ச்சி அடிக்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் பளிச்சென்று ஆகிவிடுகிறது. யாரும் பார்ப்பதில்லை.

போன வாரம், ஸ்டாண்டில் மலை பஸ் கிளம்ப நின்றது. ஒரு அம்மா பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணோடு வந்தாள். பெண் ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள்.

"ஒரு ஜூஸு. சக்கர ஜாஸ்தியா போடு. பஸ்ஸு ஒத்துக்கல, வாந்தி."

நான் பழத்தை எடுத்துவிட்டேன். கத்தியும் கையில் இருந்தது.

"எறங்கி எவ்ளோ நேரமாச்சுங்க?"

"ஜூஸு கேட்டா ஜூஸு குடு. உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? உன் வேலயப் பாரு."

படிக்கட்டில் அதே கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். முதலாளி கல்லாவில் இருந்தார். அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"என் தங்கச்சி சக்கரைலதான் செத்தா. பதினேழு வயசு. பஸ்ஸு ஒத்துக்கலன்னு நான்தான் பொய் சொன்னேன்."

அந்த அம்மா பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்டக்டர் டிக்கெட் புத்தகத்தைப் பார்த்தார். அந்தப் பெண்தான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள்.

"நாங்க பஸ்ஸுலயே வரலக்கா. மூணு நாளா கீது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கினேன்.